ஹியூகனாட்டுகள் அமெரிக்காவில் எங்கே கரைந்துபோனார்கள்?

1 | ஹட்சன்கரை

போன சனிக்கிழமை அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நியூ பால்ட்ஸ் போய்வந்தேன். நியூயார்க் நகரிலிருந்து வடக்கே காரில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கே ஹியூகனாட் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. 1700களின் தொடக்கத்தில் கட்டிய கல்வீடுகள் இன்னும் அப்படியே நிற்கின்றன. ஹியூகனாட்டுகள், அதாவது மதத்துக்காகப் பிரான்ஸிலிருந்து துரத்தப்பட்ட புராட்டஸ்டன்டுகள், வந்து உட்கார்ந்த ஊர் அது.

ழான் ஹாஸ்ப்ரூக் வீடு 1721இல் கட்டியது. சுவரைவிடக் கூரை உயரம், அத்தனை செங்குத்து. உள்ளே போனதும் அம்மா கணப்படுப்பின் முன்னால் நின்றுவிட்டார். அடுப்புக்கு இரண்டு பக்கமும் தடுப்பே கிடையாது. பின்சுவரை ஒட்டித் தரையிலேயே தீ மூட்டுவார்களாம், மேலே புகைக்கூண்டு மட்டும் தொங்குகிறது. "தவழுற குழந்தை வந்தா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். சுற்றிக் காட்டிய பெண் சிரித்துவிட்டு, இது டச்சுக்காரர்கள் அடுப்பு வைக்கும் முறை என்றார்.

எனக்கு அங்கேதான் இடித்தது. பிரெஞ்சுக்காரர் வீட்டில் டச்சு அடுப்பு. தேவாலயப் பதிவேடு முதலில் பிரெஞ்சில், 18ஆம் நூற்றாண்டின் நடுவில் டச்சில், 1800 வாக்கில் ஆங்கிலத்தில். பென்சில்வேனியா ஆமிஷ்காரர்கள் இன்றும் வீட்டில் ஜெர்மன் வட்டார மொழி பேசுகிறார்கள். லூசியானாவில் இன்றும் பிரெஞ்சு கேட்கலாம். மதத்துக்காக வீடு வாசலை விட்டு வந்த ஹியூகனாட்டுகள் மட்டும் ஏன் மூன்று தலைமுறையில் காணாமல் போனார்கள்? 1685இல் பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயி விரட்டியபோது வந்தவர்கள்தானே இவர்களும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2 | பழுப்பேடு

நல்ல கேள்வி. கொஞ்சம் பின்கதை சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் உதவும்.

1598இல் நான்காம் ஹென்றி நாந்த் சாசனம் போட்டார். கத்தோலிக்க நாடான பிரான்ஸில் கால்வின் வழிப் புராட்டஸ்டன்டுகள் வரம்புக்கு உட்பட்டுக் கும்பிட்டுக்கொள்ளலாம் என்றது அந்தச் சாசனம். அவர் பேரன் பதினான்காம் லூயி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்றார். 1681இல் புவாத்து பகுதியில் ஒரு புது உத்தி கண்டுபிடித்தார்கள். குதிரைப்படைச் சிப்பாய்களைப் புராட்டஸ்டன்டுகள் வீட்டில் கொண்டுபோய்க் குடிவைப்பது. சோறு போட வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. அடிப்பார்கள், சாமானை உடைப்பார்கள், தூங்க விடமாட்டார்கள். மதம் மாறுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். 1685 அக்டோபரில் சாசனத்தையே ரத்து செய்தார். பாதிரிகள் 15 நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். மற்ற யாரும் வெளியேறவே கூடாது! பிடிபட்ட ஆண்களுக்குத் துடுப்புக் கப்பலில் சங்கிலி, பெண்களுக்குச் சிறை அல்லது கன்னியர் மடம்.

அப்படியும் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் பேர்வரை தப்பினார்கள். பெரும்பாலோர் ஹாலந்து, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, பிராண்டன்பர்க் பக்கம். அமெரிக்கக் காலனிகளுக்கு வந்தவர்கள் இரண்டு மூவாயிரம் பேருக்குள்தான் என்பது இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலரின் கணக்கு. பழைய புத்தகங்களில் பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று இருக்கும், நம்ப வேண்டாம். உங்கள் கேள்விக்குப் பாதி விடை இந்த எண்ணிலேயே இருக்கிறது.

3 | கடலோடி

ஏன் பிரெஞ்சுக் காலனியான கியூபெக்குக்குப் போகவில்லை? மொழியாவது பிழைத்திருக்குமே.

4 | பழுப்பேடு

கதவு சாத்தியிருந்தது, கடலோடி. 1627லேயே நியூ பிரான்ஸில் கத்தோலிக்கர் மட்டும்தான் குடியேறலாம் என்று விதி செய்துவிட்டார்கள். வியாபாரத்துக்கு வந்து போன ஹியூகனாட்டுகள் உண்டு, ஆனால் அங்கே வேர் பிடிக்க விடவில்லை.

இன்னொன்று. ஹட்சன்கரை, நியூ பால்ட்ஸ் 1685இல் வந்தவர்களின் ஊர் இல்லை. எசோபஸ் பழங்குடியினரிடம் அவர்கள் நிலம் வாங்கியது 1677 மே மாதம், லூயி சாசனத்தை ரத்து செய்வதற்கு எட்டு வருடம் முன்னால். பிரான்ஸின் வடக்கு எல்லையிலிருந்தும் இன்றைய பெல்ஜியத்தின் வல்லூன் பகுதியிலிருந்தும் கிளம்பி, ஜெர்மனியின் பால்ட்ஸ் பகுதியில் பல வருடம் தங்கி, அப்புறம்தான் கப்பல் ஏறினார்கள். ஊர்ப்பெயரே அந்த ஜெர்மன் பகுதியின் பெயர்தான். தஞ்சம் கொடுத்த இடத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள், பிறந்த ஊர்ப் பெயரை வைக்கவில்லை.

5 | ஹட்சன்கரை

அட, பால்ட்ஸ் என்பது ஜெர்மன் பெயரா! தெருவில் இருந்த பலகையில் 1677 என்று பார்த்தேன், ஆனாலும் மண்டையில் 1685 என்றே பதிந்திருந்தது. தப்பு என்னுடையது.

அந்த நிலப் பத்திரத்தின் விலைப்பட்டியல் நினைவிருக்கிறது. 40 கெண்டிகள், 40 கோடரிகள், 40 சட்டைகள், 60 போர்வைகள், 100 கத்திகள், 100 ஊசிகள், நாலு பீப்பாய் ஒயின், குதிரை இரண்டு (ஒன்று ஆண், ஒன்று பெண்). வாங்கியது ஏறத்தாழ 40,000 ஏக்கர். பன்னிரண்டு குடும்பத் தலைவர்கள் பங்காளிகள். சீட்டுக் கம்பெனி மாதிரி கூட்டாக வாங்கி, கூட்டாகவே பல காலம் ஆண்டிருக்கிறார்கள். அந்தப் பன்னிருவர் சபைக்கு "டூசீன்" என்று பெயர்.

6 | அலைவாய்_செல்வி

எல்லோரும் நியூயார்க்கையே பேசுகிறீர்கள். அதிகம் பேர் போன இடங்களில் ஒன்று தென் கரோலினா. அங்கே நடந்ததை ஒரு பெண்ணின் கடிதத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஜூடித் ஜித்தோன். தெற்குப் பிரான்ஸில் லாங்தோக் பகுதிக்காரி, இருபது வயது இருக்கும். இவர்கள் வீட்டிலும் எட்டு மாதம் சிப்பாய்கள் குடியிருந்தார்கள். ஒருநாள் இரவு, சிப்பாய்கள் படுக்கையில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அம்மாவும் இரண்டு அண்ணன்மாரும் இவளும் வீட்டைச் சாமான்களோடு அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ரோமான் என்ற ஊரில் பத்து நாள் ஒளிந்திருந்தார்கள். தேடி வந்தவர்களிடம் அந்த வீட்டுக்காரி காட்டிக்கொடுக்கவில்லை. அப்புறம் லியோன், திஜோன், கொலோன், ஹாலந்து, லண்டன். மூத்த அண்ணனுக்குக் கரோலினா மோகம். அந்த நாளில் காலனி முதலாளிகள் பிரெஞ்சிலேயே துண்டுப் பிரசுரம் அடித்து, அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடல் வழியில் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். பெர்முடாவில் கப்பல் தலைவன் ஏதோ தில்லுமுல்லு செய்து சிறைக்குப் போனான். கப்பலைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். கையில் காசு இல்லை. எப்படியோ வேறு கப்பல் பிடித்துக் கரோலினா போய்ச் சேர்ந்தார்கள். பதினெட்டு மாதத்தில் மூத்த அண்ணனும் காய்ச்சலில் செத்தார், பழக்கமில்லாத வேலை. பிறகு ஜூடித் இன்னொரு சகோதரனுக்கு எழுதிய கடிதத்தில், ஆறு மாதம் ரொட்டியின் ருசியே தெரியாமல் நிலத்தில் அடிமையைப் போல் உழைத்தேன் என்கிறாள்.

அந்தக் கடிதத்தின் மொழிபெயர்ப்பை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். அழுகை புலம்பல் இல்லை. சந்தைக் கணக்கு சொல்வதுபோல் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறாள்.

7 | கறுப்புமை

செல்வி அக்கா, அருமை. ஆனால் "அடிமையைப் போல்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டீர்களே, கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜூடித்தின் முதல் கணவர் நெசவாளி, அவர் இறந்த பிறகு பியர் மானிகோவைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் மகன் காப்ரியேல் மானிகோ 1704இல் பிறந்தவர். வணிகமும் நெல்லுமாகப் பெருத்து, தென் கரோலினாவின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவரானார். அமெரிக்கப் புரட்சியின்போது மாநில அரசுக்கே 2,20,000 டாலர் கடன் கொடுத்தவர். அவரிடம் இருந்த அடிமைகள் இருநூறுக்கும் மேல். அம்மா உவமையாகச் சொன்னதை மகன் உடைமையாக வைத்திருந்தார். நடுவில் ஒரே ஒரு தலைமுறை.

இவர் ஒருத்தர்தான் என்று நினைக்காதீர்கள். ஹியூகனாட் வழிவந்த ஹென்றி லாரன்ஸ் 1777இல் அமெரிக்கக் காலனிகளின் பொதுச் சபையான காங்கிரஸின் தலைவர். அதற்கு முன் அவருடைய கம்பெனி சார்ல்ஸ்டனில் விற்ற ஆப்பிரிக்கர்கள் எட்டாயிரத்துக்கும் மேல். பாஸ்டனில் சுதந்திரத்தின் தொட்டில் என்று கொண்டாடுகிறார்களே ஃபேன்யூல் ஹால், அதை 1742இல் கட்டிக்கொடுத்த பீட்டர் ஃபேன்யூல் நியூயார்க் பக்கத்து நியூ ரோஷெலில் பிறந்த ஹியூகனாட் பிள்ளை. அடிமை வியாபாரத்திலும் கை வைத்திருந்தார். ஹட்சன்கரை பார்த்த நியூ பால்ட்ஸ் மட்டும் என்ன? அந்தப் பன்னிருவரில் ஒருவரான லூயி துபுவா ஊர் தொடங்குவதற்கு முன்பே ஏலத்தில் இரண்டு ஆப்பிரிக்கர்களை வாங்கியவர்.

8 | செம்மண்காரன்

அந்தக் காலத்தில் எல்லோரும்தானே வைத்திருந்தார்கள்? இன்றைய கண்ணாடி போட்டு அன்றைய ஆளைப் பார்ப்பது சரியா? பாவம், ஊரைவிட்டு ஓடிவந்த ஜனங்கள்.

9 | கறுப்புமை

எல்லோரும் வைத்திருக்கவில்லை, தம்பி. 1688லேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமை முறை தப்பு என்று எழுத்தில் கண்டனம் கொடுத்தார்கள். அவர்களும் மதத்துக்காக வந்தவர்கள்தான். ஆகவே அந்தக் கண்ணாடி அன்றைக்கும் கிடைத்தது.

நான் ஹியூகனாட்டுகளைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. கரோலினாவில் நிலம் ஆள் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். நீ கூட்டிவரும் அடிமையும் அந்தத் தலைக்கணக்கில் சேரும். அதாவது அடிமை வாங்கினால் நிலமும் கூட வரும். முன்னேற ஒரே ஏணி அதுதான் என்று வைத்திருக்கும் ஊரில், பசியோடு வந்தவன் அந்த ஏணியில்தான் கால் வைப்பான். எனக்குக் கோபம் அவர்கள்மேல் இல்லை, அவர்கள் கதையைத் துன்பத்தோடு நிறுத்திவிடும் சுற்றுலாப் பலகைகள்மேல்.

10 | ஹட்சன்கரை

நியூ பால்ட்ஸில் பலகை அப்படி இல்லை என்று சொல்லத் தோன்றுகிறது. வீட்டின் நிலவறைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், அடிமைகள் இங்கேதான் வேலை செய்தார்கள், படுத்தார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அம்மாவுக்கு அதன்பிறகு மேலே வந்து அலமாரி, கட்டில் பார்க்கும் ஆசை போய்விட்டது.

11 | அலைவாய்_செல்வி

கறுப்புமை சொன்னது சரி, நான்தான் பாதியில் விட்டேன்.

ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். கரோலினா முதலாளிகள் இவர்களை அழைத்தது நெல்லுக்காக இல்லை. பிரெஞ்சுக்காரன் என்றால் பட்டு, ஒயின், ஆலிவ் எண்ணெய் என்று கணக்குப் போட்டார்கள். 1680இல் ரிச்மண்ட் என்ற கப்பலில் ஏறத்தாழ 45 பேர் முதல் கூட்டமாக வந்தார்கள், பட்டுப்புழு முட்டைகளோடு. முட்டை நடுக்கடலிலேயே பொரித்துவிட்டது. கப்பலில் மல்பெரி இலைக்கு எங்கே போவது? புழு எல்லாம் பட்டினியில் செத்தது. அந்தத் திட்டம் அதோடு போச்சு என்று சொல்ல முடியாது, பிறகும் பலமுறை முயன்றார்கள். ஆனால் காசு வந்தது நெல்லில்தான். அந்தச் சதுப்பில் நெல் விளைவிக்கும் கைப்பக்குவம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களிடம் இருந்தது.

12 | பழுப்பேடு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம், ஏன் கரைந்தார்கள்.

1699இல் தென் கரோலினாவில் எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. சார்ல்ஸ்டன் பிரெஞ்சுச் சபையில் 195 பேர், கூஸ் கிரீக்கில் 31, கூப்பர் ஆற்றின் கிழக்குக் கிளையில் 101, சான்டீ ஆற்றோரம் 111. மொத்தம் 438. நாலாகப் பிரிந்து கிடக்கும் 438 பேரில் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடினால் எத்தனை தலைமுறை தாங்கும்? அடுத்த பண்ணை ஆங்கிலேயர் வீடுதான் சம்பந்தி வீடு.

அடுத்தது தேவாலயம். முதலில் ஆங்கிலேயக் குடியேறிகள் இவர்களை அந்நியர் என்று சொல்லி ஓட்டுரிமையையும் சொத்துரிமையையும் கேள்வி கேட்டார்கள். 1697இல் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தார்கள். 1706இல் ஆங்கிலிக்கன் திருச்சபையை, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையை, அரசுத் திருச்சபை ஆக்கினார்கள். பாதிரி சம்பளம் அரசுப் பணத்தில். பிரெஞ்சுக்காரர்கள் வேண்டுமானால் அதே வழிபாட்டு நூலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்துக்கொள்ளலாம் என்று சலுகை. கிராமத்துச் சபைகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. கால்வின் கொள்கைக்காகப் பிரான்ஸை விட்டவர்கள், பிஷப்பு உள்ள திருச்சபையில் அத்தனை சிரமம் இல்லாமல் உட்கார்ந்தார்கள்! ஆங்கிலிக்கன் ஆனால் காலனியின் மேல்தட்டில் நாற்காலி கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததா?

நியூயார்க்கிலும் இதே கதை. அங்கே இருந்த பிரெஞ்சுச் சபை 1800களின் தொடக்கத்தில் எபிஸ்கோபல் திருச்சபையோடு (ஆங்கிலிக்கனின் அமெரிக்கக் கிளை) சேர்ந்தது. பாஸ்டன் பிரெஞ்சுச் சபை 1748லேயே மூடியாயிற்று.

ஆமிஷ்காரர்களோடு ஒப்பிட்டீர்களே, அவர்கள் உலகத்தோடு ஒட்டாமல் இருப்பதையே மதமாக வைத்திருப்பவர்கள். ஹியூகனாட்டுகளுக்கு அப்படி ஒரு விரதம் இல்லை. பிரான்ஸிலேயே வணிகர், கைவினைஞர், வக்கீல் என்று ஊரோடு கலந்து வாழ்ந்தவர்கள்.

13 | ரிச்மண்ட்வாசி

கலக்கப் பிடிக்காமல் தனியாகவே இருக்கலாம் என்று திட்டம் போட்டு வந்த கூட்டமும் உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் மனாகின்டவுன், ஜேம்ஸ் ஆற்றின் அருவிக்கு இருபது மைல் மேலே. 1700இல் அடுத்தடுத்து வந்த கப்பல்களில் எழுநூறு பேர்வரை வர்ஜீனியாவுக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது மொனாக்கன் பழங்குடியினர் விட்டுப்போன 10,000 ஏக்கர், ஏழு வருட வரிவிலக்கோடு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது ஆங்கிலேயக் குடியிருப்புக்கு வெளியே, காட்டு எல்லை. பழங்குடித் தாக்குதல் வந்தால் முதல் அடி யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். வந்த கொஞ்ச காலத்திலேயே தலைவருக்கும் பாதிரிக்கும் சண்டை. ரிஷ்பூர் என்ற பாதிரி ஒரு கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு கரோலினாவுக்கே போய்விட்டார்.

14 | கடலோடி

வடக்கே இன்னும் மோசம். ரோட் ஐலண்டில் 1686இல் பிரெஞ்சுடவுன் என்று ஒரு குடியிருப்பு போட்டார்கள். விற்றவர்களின் பட்டாவே தகராறு. அக்கம்பக்கத்து ஆங்கிலேயர்கள் வேலியைப் பிடுங்கித் தொல்லை கொடுத்ததில் 1691இல் ஏறத்தாழ எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மாசசூசெட்ஸில் ஆக்ஸ்ஃபோர்டு குடியிருப்பை, 1696இல் பழங்குடித் தாக்குதலில் ஒரு வீட்டில் அப்பாவும் பிள்ளைகளும் கொல்லப்பட்டதும், கைவிட்டார்கள். அப்போது பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் போர் வேறு. பிரெஞ்சு பேசினாலே ஒற்றன் என்ற சந்தேகம். பிரெஞ்சு ராஜாவிடமிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவன் அதே ராஜாவின் ஒற்றனாம்! அந்தச் சூழலில் பிள்ளைகளிடம் "ஆங்கிலத்திலேயே பேசு" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

15 | கொய்யாமரம்

பெயர் மாறியதும் அதனால்தானோ? பாஸ்டனில் அமெரிக்கப் புரட்சி வீரர் பால் ரெவியர் என்கிறார்களே, அவருடைய அப்பா பெயர் அப்போலோஸ் ரிவுவார். சிறுவனாக வந்து பொற்கொல்லரிடம் தொழில் கற்றவர். ஊர்க்காரர் வாயில் நுழையவில்லை என்று ரெவியர் ஆக்கிக்கொண்டார். போதுவேன் போடின் ஆனது.

சார்ல்ஸ்டனில் நேர்மாறு. எழுத்தை மாற்றவில்லை, உச்சரிப்பைத் தாறுமாறாக ஆக்கிவிட்டார்கள். ஹூஜர் என்று எழுதியிருக்கும் தெருவை "யூஜீ" என்கிறார்கள். லெகாரே என்று எழுதியிருக்கும், "லெக்ரீ" என்று சொல்ல வேண்டும். நான் முதல் வாரம் வழி கேட்டு, கேட்ட ஆளுக்கும் புரியாமல் எனக்கும் புரியாமல் அரை மணி நேரம் சுற்றினேன்.

16 | அலைவாய்_செல்வி

அந்த ஊரில் இன்றும் ஹியூகனாட் தேவாலயம் இருக்கிறது, கொய்யாமரம். இப்போதுள்ள கட்டடம் 1845இல் எழுந்தது. ஆண்டுக்கு ஒருமுறை பிரெஞ்சில் வழிபாடு நடத்துகிறார்கள். பழைய நாளில் அங்கே வழிபாட்டு நேரத்தைக் கடல் ஓதம் பார்த்து வைப்பார்களாம். பண்ணைகளிலிருந்து படகில் வருகிறவர்கள் நீரோட்டத்தோடு வந்து, நீரோட்டத்தோடு திரும்ப வேண்டுமே. கூப்பர் ஆற்றில் ஓதம் ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அதில் இருக்கும் புத்திசாலித்தனம் புரியும்.

17 | செம்மண்காரன்

சம்பந்தம் இல்லாத கேள்வி, மன்னிக்கவும். ஹியூகனாட் யாராவது நம்ம சென்னைப் பக்கம் வந்ததுண்டா?

18 | பழுப்பேடு

ஒருவர் நிச்சயம். பாரசீகம் போய்வந்து பயண நூல் எழுதிய ஷார்தான் பெயர் கேட்டிருப்பீர்கள், ஹியூகனாட் நகை வணிகர், லண்டனில் தஞ்சம் புகுந்தவர். அவருடைய தம்பி டேனியல் ஷார்தான் மதராஸ் புனித ஜார்ஜ் கோட்டையில் வைர வியாபாரம் செய்தார். வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், இங்கே அமெரிக்காவோடு நிற்போம்.

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் "ரெஃப்யூஜி" என்ற சொல் புழக்கத்துக்கு வந்ததே இவர்களால்தான், 1685ஐ ஒட்டி. பிரெஞ்சு மூலத்துக்குப் பொருள் தஞ்சம் புகுந்தவர். நம் அகதி, கதி இல்லாதவர். அவர்கள் சொல்லில் போய்ச் சேர்ந்த இடம் இருக்கிறது, நம் சொல்லில் இல்லை. ஜூடித்தின் கடிதத்தை வைத்துப் பார்த்தால் முதல் நாலு வருடத்துக்கு நம் சொல்தான் பொருத்தம்.

19 | நாணயப்பெட்டி

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், இதற்காகவே உள்ளே வந்தேன். என் சேகரிப்பில் இது தொடர்பான அமெரிக்க அரை டாலர் நாணயங்கள் இரண்டு உண்டு.

1624இல் முப்பது வல்லூன் குடும்பங்கள் டச்சுக் கப்பலில் நியூயார்க் பக்கம் வந்ததன் முந்நூறாவது ஆண்டுக்கு, 1924இல் ஒன்று அடித்தார்கள். ஒரு பக்கம் கப்பல், சரி. மறுபக்கம் பிரெஞ்சுத் தளபதி கொலின்யியும் டச்சு இளவரசர் வில்லியமும். ஒருவர் 1572இல் கொல்லப்பட்டவர், மற்றவர் 1584இல். கப்பல் கிளம்பும்போது இரண்டு பேரும் உயிரோடு இல்லை! வந்தவர்களில் ஒருவர் முகம்கூட நாணயத்தில் இல்லை.

இன்னொன்று 1938, நியூ ரோஷெல். 1689இல் ஜான் பெல் என்ற பண்ணையாரிடமிருந்து ஹியூகனாட்டுகளுக்காக 6,000 ஏக்கர் வாங்கினார்கள், தேவாலயத்துக்குத் தனியாக 100 ஏக்கர். பத்திரத்தில் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 24 அன்று, கேட்டால், ஒரு கொழுத்த கன்றுக்குட்டி கொடுக்க வேண்டும், என்றென்றைக்கும். நாணயத்தில் பெல் கயிற்றைப் பிடித்து நிற்கிறார், கன்று முரண்டு பிடிக்கிறது. மறுபக்கம் அல்லி முத்திரை, லூயி வீட்டுச் சின்னமேதான்.

20 | ஹட்சன்கரை

நியூ ரோஷெல் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். அம்மாவிடம் கன்றுக்குட்டிக் கதையைச் சொன்னேன். "கேட்டால்னு போட்டிருக்கே, யாராவது கேட்டாங்களா?" என்கிறார். நாணயப்பெட்டி சார், அந்த 1938 நாணயத்தின் படம் இருந்தால் இங்கே போடுங்களேன்.